எங்கே போயிற்று?

தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவனை எல்லோருக்கும் பிடிக்கும். தன் செருப்புக்குத் தானே ஆணி அடித்துக்கொள்கிறான், தன் சைக்கிளுக்குத் தானே பஞ்சர் ஒட்டுகிறான் என்று கேள்விப்பட்டாலே, மனத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுவிடுகிறோம். சிக்கனம் ஒரு நற்குணம். சுயமுயற்சி இன்னொரு நற்குணம். இரண்டும் சேர்ந்த இடத்தில் குற்றம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் இருக்கும் என் தம்பியின் வண்டிக்கு முன்னால், கையில் ஸ்பானரோடு நின்ற அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அது ஒரு பிக்கப் வண்டி. முன்னால் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. பாதி கார், பாதி லாரி. 1998-ஆம் வருஷத்து மாடல். தோட்டத்துக்கு மண்ணும் பலகையும் ஏற்றுவதற்காகத் தம்பி அதைக் கிழமாகவே வாங்கியிருந்தான். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்சாதனம் மட்டும், ஜூலை மாதத்தில், வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, தன் பங்குக்கு அனலை ஊதிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். வண்டியின் விலையில் அது பாதி.

"நாமே பார்த்துவிடலாம், அண்ணா. நீங்கள் கூட நின்றால் போதும்" என்றான் தம்பி.

விசிறி நன்றாகச் சுற்றியது. ஃபியூஸ் போகவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தோம். பெல்ட் ஓடியது, அதோடு கம்ப்ரஸரின் சக்கரமும் ஓடியது, ஆனால் அந்தச் சக்கரத்தின் முகத்தில் இருக்கும் தட்டு மட்டும் அசையாமல் நின்றது. உள்ளே வாயு குறைந்துவிட்டால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் ஒரு சிறிய ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்திவிடும். வாயுவோடு சேர்ந்து சுற்றிவரும் எண்ணெய்தான் கம்ப்ரஸரைக் காப்பது. வாயு குறைந்த நிலையில் ஓடினால் அது தேய்ந்து பாழாகும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தம்பி, "போன வருஷமும் இதே கதை. அதற்கு முந்தின வருஷமும் இதே கதை. கடையில் டப்பா விற்கிறார்கள். ஒன்று வாங்கி ஏற்றினால் ஒரு கோடை தாங்கும்" என்றான்.

இந்த முறை அவன் டப்பா வாங்கவில்லை. போன வருஷம் வாயுவோடு ஒரு சாயமும் ஏற்றியிருந்தானாம். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊதா விளக்கை ஒவ்வொரு குழாய் மேலும் ஓட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் குழாய் சேருமிடத்தில், ஒரு நட்டைச் சுற்றிப் பச்சையாய் மின்னியது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டது. குழந்தையின் மோதிர அளவு வளையம். ஒரு காப்பியின் விலைகூட ஆகாது.

"அவ்வளவுதானே? கழற்றிவிடு. மிச்சமிருக்கிற காற்று போனால் போகிறது. இந்த வெயிலில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்றேன் நான்.

கதைகளில் தர்ம நியாயம் பேசுகிற நான்தான் இதைச் சொன்னேன்.

தம்பி ஸ்பானரை எடுத்துவிட்டான். "இது காற்று இல்லை அண்ணா" என்றான். அதன் பெயர் ஆர்-134ஏ. தன் வண்டிக்கு ஏற்றிக்கொள்ள அதை அங்கே யாரும் வாங்கலாம். ஆனால் தெரிந்தே வெளியில் திறந்துவிடுவது 1995 முதல் அமெரிக்காவில் சட்ட விரோதம். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1300 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. ஒரு சிறிய டப்பாவில் 340 கிராம் இருக்கும். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அதைத் திறந்துவிடுவது சுமார் 190 லிட்டர் பெட்ரோலை எரித்துப் புகையை வானத்துக்கு அனுப்புவதற்குச் சமம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவன் சும்மா இருப்பானா? எதிராளியிடம் குற்றம் தேடினேன். "சரி, போன இரண்டு வருஷமும் நீ ஏற்றினாயே, அந்த டப்பாக்கள் எங்கே போயின?"

தம்பி உடனே பதில் சொல்லவில்லை. பச்சையாய் மின்னிய அந்த நட்டைக் காட்டி, "இந்த வழியாகத்தான்" என்றான்.

அங்கே வந்து நின்றது கேள்வி. ஒரே நிமிஷத்தில் திறந்துவிட்டால் குற்றம். ஒரு வருஷம் முழுவதும் மெல்ல மெல்லக் கசியவிட்டுக் கோடைதோறும் நிரப்பிக்கொண்டிருந்தால் அது சுயமுயற்சி. இரண்டிலும் வானத்துக்குப் போனது ஒன்றேதான். வித்தியாசம் தெரிந்து செய்ததற்கும் தெரியாமல் நடந்ததற்கும் உள்ளது என்பீர்கள். ஆனால் அவனுக்கு நிஜமாகவே தெரியாதா? சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது. பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதில்லை. ரப்பர் குழாய்கள் வழியே பல வருஷங்களில் கொஞ்சம் குறையலாம்; ஒவ்வொரு கோடைக்கும் ஒரு டப்பா குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். தெரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது, தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டான்.

இந்த விஷயத்தில் மனிதகுலத்துக்கே ஒரு பழைய அனுபவம் உண்டு. ஆரம்ப காலத்துக் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டையாக்ஸைடு முதலிய நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து. தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் 1928-ல் தம் கூட்டாளிகளோடு, நஞ்சும் இல்லாத, தீயும் பற்றாத ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார். 1930-ல் விஞ்ஞானிகள் சபையில் அதைத் தாமே மூச்சில் இழுத்து, ஊதி ஒரு மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். வீட்டுக்காரர் தப்பினார். ஆனால் கசிந்தது எங்கே போகிறது என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் கேட்டார்கள். அது மேலே போய் ஓஸோன் படலத்தைத் தின்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். 1985-ல் தென்துருவத்துக்கு மேல் அந்தப் படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-ல் மான்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் உண்டாயிற்று. கார்களில் பழைய வாயு போய் ஆர்-134ஏ வந்தது. இது ஓஸோனைத் தின்பதில்லை. வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் 2016-ல் கிகாலி நகரில் கூடி, இதையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார்கள். இத்தனை மாற்றமும் "எங்கே போயிற்று?" என்ற ஒரு கேள்வியால் வந்தது.

அன்று நாங்கள் அந்த நட்டைக் கழற்றவில்லை. வாயுவை உறிஞ்சி உருளையில் பிடித்துக்கொள்ளும் இயந்திரம் உள்ள ஒரு சிறு பட்டறைக்கு வியர்வை வழிய ஓட்டிப்போய், மிச்சமிருந்ததை ஒப்படைத்தோம். வீட்டுக்கு வந்து வளையத்தை எண்ணெய் தடவி மாற்றினோம்; ஈரம் உறிஞ்சும் பாத்திரத்தையும் மாற்றினோம். உதிரி பாகக் கடையில் முன்பணம் கட்டி ஒரு வாக்குவம் பம்பு இரவல் வாங்கி, முக்கால் மணி ஓடவிட்டு, முள் நகராமல் நிற்கிறதா என்று அரைமணி காத்திருந்தோம். நின்றது. பிறகு புது வாயுவை எடை பார்த்து ஏற்றினோம். அன்று மாலை கடைத்தெருவுக்குப் போகையில் எனக்குக் கை சில்லிட்டது. தம்பி பாட்டு முணுமுணுத்தான்.

சொந்தக் கையால் பழுது பார்ப்பதன் பெருமை, மிச்சமாகும் பணத்தில் இல்லை என்று எனக்கு அன்று தோன்றியது. தொட்டுப் பார்த்தவன் ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்கிறான். அதன்பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் சௌகரியம் அவனுக்கு இல்லை. வண்டி அவனுடையது, குழாய் அவனுடையது. குழாய்க்குள் இருப்பதும், அது உள்ளே இருக்கும் வரையில் அவனுடையதுதான். வெளியே வந்த அடுத்த கணம் அது ஊருக்கெல்லாம் சொந்தம். அந்த ஊரில் இன்னும் பிறக்காதவர்களும் இருக்கிறார்கள்.

தம்பியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னை விட்டுவிடுவது நியாயமில்லை. சென்னையில் என் எழுத்தறையிலும் ஒரு குளிர்சாதனம் உண்டு. சித்திரை பிறந்தால் மெக்கானிக் வருவார், "கேஸ் குறைஞ்சிருக்கு சார்" என்பார், நிரப்புவார், நான் பணம் கொடுப்பேன். நான்கு வருஷங்களாக இதுதான் வழக்கம். ஊர் திரும்பிய பிறகு வந்த சித்திரையில், அவர் உருளையைத் தோளிலிருந்து இறக்குமுன் கேட்டேன்: "போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "லீக் ஆயிருக்கும் சார். இதுவரைக்கும் நீங்க கேக்கலையே?" என்றார்.

பிறகு சோப்பு நுரை கரைத்துக்கொண்டு வந்து, குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தார். மூன்றாவது மூட்டில் நுரை முட்டையிட்டது.