கண் காணாத வியாபாரியின் ஹக்கு

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், அதன் பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்பதால் பொய் சொன்னால் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

அதே வட்டாரத்து நாகரசம்பட்டியில் இன்று வேறு விதமான வியாபாரமும் நடக்கிறது. ஓசூரில் தொழிற்சாலை வேலை பார்த்து வாரம் ஒருமுறை வீடு வரும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் தங்கையின் லேப்டாப் திரை உடைந்துவிட்டது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் பார்த்தே வாங்கலாம். ஆனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே செல்போனிலேயே பணம் கட்டிப் புதுத் திரையை வரவழைக்கிறார். விற்றவர் யார், எந்த ஊர் என்பது தெரியாது.

அளவு 15.6 அங்குலம், சரி. பின்புறச் சீட்டிலுள்ள எண்ணும், இணைப்பு முனை 30 ஊசியா 40 ஊசியா என்பதும் பழையதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் பொருத்துமுன் ஒருமுறை எரியவிட்டுப் பார்க்கவில்லை. திருகாணிகளை முடுக்கி, சட்டத்தை அழுத்தி மூடிய பிறகு பார்த்தால் மூலையில் ஒரு கீறல். மை கொட்டியது போல் கறுப்புப் படர்கிறது.

திருப்பி அனுப்பக் காரணம் கேட்கிறது செல்போன். "உடைந்தே வந்தது" என்ற இடத்தைத் தொட்டால் பணம் திரும்பிவிடும். "பெரிய கம்பெனிதானே, அவர்களுக்கு இது ஒரு நஷ்டமா?" என்கிறார்கள் நண்பர்கள். தொடலாமா?

மார்க்கம் வாங்குபவனைக் கைவிடவில்லை. ஹனஃபி மத்ஹபில், பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்ததும் வேண்டாமென்று விட உரிமை உண்டு. குறை கண்டால் திருப்பித் தரவும் உரிமை உண்டு. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. ஆனால் ஃபுகஹாக்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அந்தக் குறை நம் கைக்கு வருமுன்பே இருந்திருக்க வேண்டும். நம் கையில் புதுக்குறை உண்டாகிவிட்டால், விற்றவர் மனமொப்பி ஏற்றாலன்றித் திருப்பித் தர முடியாது. பழைய குறையும் இருந்திருந்தால் அதற்கான விலைக்குறைப்பைக் கேட்கலாம்.

திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயத்தை நாம் கடைக்காரர்களுக்கே ஓதிக் காட்டி வருகிறோம். பெறும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்பவனைப் பற்றியே அது பேசுகிறது. தன் கையால் உடைத்த பொருளைக் கொடுத்து, முழு விலையையும் திரும்பப் பெறுபவன் யார்? புகாரியில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலும், உண்மை பேசிக் குறையை மறைக்காதிருந்தால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது.

பெரிய கம்பெனி என்பது பல நேரங்களில் சந்தைத் திடல் மட்டுமே. அதில் கடை விரித்திருப்பவர் நம்மைப் போன்ற சிறு வியாபாரியாகவும் இருக்கலாம். பெரியவரின் பொருளானாலும் பிறர் பொருள் பிறர் பொருளே. இது ஹக்குல் இபாத். உரியவர் மன்னித்தால்தான் தீரும். பெயரும் முகமும் தெரியாதவரிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

சரி, கீறல் முன்பே இருந்ததா, தாம் அழுத்தியதால் வந்ததா என்று இளைஞருக்கே தெரியவில்லை என்றால்? அப்போது அந்தச் சந்தேகத்தையே உள்ளபடி எழுதட்டும்: "பொருத்துமுன் சோதிக்கவில்லை, பொருத்திய பின் கீறலைக் கண்டேன்." அதைப் படித்தும் விற்றவர் பணம் தந்தால் அது ஹலால். மறுத்தால் அது அவசரத்துக்குக் கொடுத்த விலை.

ஆகவே, பெட்டியைப் பிரித்ததும் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, நாடாக் கேபிளை மெல்லச் செருகுங்கள். பேட்டரியை மீண்டும் இணைத்து எரியவிட்டுப் பார்த்த பிறகே திருகாணியைத் தொடுங்கள். இது பொருளைக் காப்பதோடு, நாளை பொய் சொல்லும் சோதனையிலிருந்து நாவையும் காக்கும்.

காணாத வியாபாரியையும் நம்மையும் ஒருசேரக் காண்பவன் அல்லாஹ். அந்த நினைவோடு கொடுக்கல் வாங்கல் செய்ய அவன் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.