காரணம் தேடுதல் குற்றத்தை மன்னிப்பதாகுமா?

சமுதாயத் தீமை ஒன்றின் காரணங்களை ஆராயப் புகுந்தால் நம்மவருள் பலருக்கு ஓர் ஐயம் எழுகிறது. ஹராம் என்று தெரிந்த ஒன்றுக்குக் காரணம் எதற்கு? 'வறுமை செய்வித்தது, வழக்கம் செய்வித்தது' என்று சொல்லியே பாவத்தின் சுமையைப் பாவியின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறார்களே இந்தச் சமூகவியலார் என்பது அவர்கள் மனக்குறை. இவ்வையம் அற்பமானதன்று. மனிதனைச் சூழ்நிலையின் பொம்மையாக்கும் எக்கல்வியும், மறுமையின் கேள்வி கணக்கை நம்புவோர்க்கு உவப்பாயிராது. ஆயினும், இவ்வாராய்ச்சியை மேனாட்டுச் சரக்கென ஒதுக்குவோர் நம் முன்னோர் ஒருவரை மறந்துவிடுகின்றனர்.

1332இல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து, 1377இல் 'முகத்திமா'வை எழுதினார்கள். மக்கள் கூடிவாழும் வாழ்வின் இயல்பை ஆராயும் தம் புதுக்கலைக்கு 'இல்முல் உம்ரான்' என்று பெயரிட்டார்கள். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதியதை அவர்கள் ஏற்கவில்லை. அத்தனை பேரை அந்நிலப்பரப்பு தாங்குமா, ஒரு முனையில் நடப்பதை மறுமுனை அறியுமா, நான்கு தலைமுறையில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா என்று வினவினார்கள். செய்தி சொன்னவர் யாரென்று பார்ப்பது ஒன்று. அச்செய்தி நடக்கக் கூடியதா என்று வாழ்வின் இயல்பைக் கொண்டு உரைத்துப் பார்ப்பது மற்றொன்று. அப்பெருமகனாரே 1384இல் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் காழியாக அமர்ந்து, கண்டிப்பானவர் என்று பெயரும் எடுத்தார்கள். காரணம் அறிந்தவர் தீர்ப்புக் கூறத் தயங்கவில்லை.

நம் ஊர்களுக்கு வருவோம். கைக்கூலியை எடுத்துக்கொள்கிறேன். மிம்பரில் இதைப்போல் அடிபட்ட தீமை வேறில்லை. மஹர் கொடுக்க வேண்டியவனே வாங்குகிறான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும், மஹரை விலக்கி வைத்துவிட்டு, கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமென்றது. இத்தனைக்குப் பின்னும் கைக்கூலி சாகவில்லை, பெயரை மாற்றிக்கொண்டது. ரொக்கம் கேட்பது இழிவென்றானதும், 'நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்னும் பணிவான மொழி வந்தது. வளைகுடாப் பயணம் பெருகிய பின் விசாச் செலவு என்றொரு புதுப்பெயரும் வாய்த்தது.

அரபு நாடுகளிலோ இந்நோய் தலைகீழ். மஹரும் மணச்செலவும் ஏறி, அங்கு இளைஞர்கள் மணமுடிக்க இயலாது தவித்தனர். ஐக்கிய அரபு அமீரகம் 1992இல் இதற்கென்றே ஒரு திருமண நிதியத்தை நிறுவியது. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், பெண்ணை ஒப்படைக்கும் வேளையில் அவள் வீட்டார் மணமகனிடம் பெறும் பொருளை லஞ்சமென்று கூறி, அவன் அதைத் திரும்பக் கேட்கலாம் என்கின்றன. அந்நூலாசிரியர்கள் கண்ட உலகில் கை நீட்டியது பெண் வீடு! அங்கும் இங்கும் ஒரே திருமறை, ஒரே நிகாஹ். சட்டம் ஒன்றாயிருக்க, நோய் எதிரெதிராயிருக்குமானால், அதன் வேர் மார்க்க அறியாமையில் மட்டும் இல்லை என்பது தெளிவு. கைக்கூலி வாங்கும் வீடுகளிலும் தொழுகை இருக்கிறது. ஆலிம்களின் வீடுகளும் முற்றாகத் தப்பவில்லை என்று எழுதக் கை கூசுகிறது.

வேரைத் தோண்டினால் முதலில் தட்டுப்படுவது வாரிசுரிமை. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் அதில் விதிக்கப்பட்ட பங்கு உண்டென்று அன்னிஸா அத்தியாயம் அறுதியிடுகிறது. நடப்பது என்ன? தகப்பனார் மௌத்தான பின் பங்குப் பேச்சு எழுந்தால், 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?' என்பார்கள் சகோதரர்கள். வற்புறுத்திக் கேட்பவளுக்குப் பிறந்த வீட்டின் வாசல் அடைபடும். ஆகவே, 'எனக்கு வேண்டாம் காக்கா' என்று கையெழுத்திட்டு விடுகிறாள். மணமகன் வீட்டாரும் இதை அறிவர். பின்னால் வராதென்று தெரிந்த பங்கை முன்கூட்டியே, அதுவும் அவள் கையில் அல்லாமல் தங்கள் கையில், வாங்கிக்கொள்கின்றனர். மறுக்கப்பட்ட கடமையும் பெறப்பட்ட ஹராமும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வேறு வகை. வீடு அவளுடையதாக நிற்குமிடத்தில் அவளுக்கு ஒரு காவல் உண்டு. மூன்று பெண்களைப் பெற்றவரோ வீடு கட்டியே தேய்ந்து போகிறார். எல்லா ஊருக்கும் ஒரே பயான் பொருந்தாது.

இனிச் சங்கடமான இடம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஒருவர் எழுந்து நிற்பார். கையில் அவர் ஊர் ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம். 'குமர் காரியம்' என்று அறிவிப்பு வரும். விரித்த துண்டில் ஸதகாவும் சில வேளை ஜகாத்தும் விழும். ஈரமுள்ள செயல்தான். ஆனால் அப்பணம் எங்கே போய்ச் சேர்கிறது? ஏழைத் தகப்பனின் கை வழியாக, கேட்கத் தகாததைக் கேட்டவன் வீட்டுக்கு! மிம்பர் கண்டித்த கைக்கூலியை அதே பள்ளியின் துண்டு கட்டித் தீர்க்கிறது. போட்டவரின் நிய்யத்தை ஆராய்ந்தால் இது விளங்காது. அது தூயதாகவே இருக்கும். பணம் போகும் வழியைப் பின்தொடர்ந்தால்தான் விளங்கும். கொடாதீர் என்று நான் சொல்லத் துணியேன். காத்திருக்கும் அந்தப் பெண்ணை வைத்து நம் கொள்கையைச் சோதிப்பது அறமன்று. கடிதம் தரும் ஜமாஅத் இன்னின்ன செலவுக்கென்று அதில் விவரம் எழுதட்டும் என்பேன்.

அப்படியானால் வாங்கியவனின் குற்றம் குறைந்ததா? இல்லை. காரணம் தேடியதால் பாவம் பங்கிடப்பட்டுக் குறையவில்லை, பங்காளிகள் பெருகினர். வாங்கியவனோடு, பங்கை மறுத்த சகோதரனும், கேளாமல் முத்திரையிட்ட நிர்வாகமும், கைக்கூலித் தொகையில் இத்தனை விழுக்காடென்று பள்ளிக்கு வசூலித்த ஊர்களும் வந்து நிற்கின்றன.

'அஸபிய்யத்' எனும் கூட்டு வலு இல்லாமல் தீமையைத் தடுக்கக் கிளம்பியோர் தோற்ற கதைகளை முகத்திமா விரிவாகவே பேசுகிறது. நம்மிடையே அவ்வலு ஜமாஅத்திடம் உள்ளது. நிகாஹ் பதிவேடு அதன் கையில். மையவாடி அதன் கையில். கைக்கூலித் திருமணத்துக்குப் பதிவேடு தருவதில்லை என்று தீர்மானித்த ஜமாஅத்துகள் உண்டு. அண்டை மஹல்லா தந்துவிட்டால் அத்தீர்மானம் வெறுங்காகிதம். எனவே பல மஹல்லாக்கள் கூடியே இதைச் செய்தாக வேண்டும். கூடும்போது, பதிவேட்டில் மஹர் எழுதும் இடத்துக்கு அருகே ஒரு வரியைச் சேர்க்கலாம்: தகப்பனார் உயிரோடு இல்லையெனில், மணப்பெண்ணின் பங்கு அவளிடம் ஒப்படைக்கப்பட்டதா? அவ்வரிக்கு விடையெழுத வேண்டியவர், பெரும்பாலும், வலீயாக வந்து அமர்ந்திருக்கும் அவளுடைய காக்காதான்.