வேதனை தாய்மையின் விலையா?

தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு எங்கள் கரையோரக் கிராமங்களில் ஆலோசனைக்குக் குறைவில்லை. எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும், எந்தப் பக்கம் சரிந்து படுக்க வேண்டும் என்று பேசாலை தொடங்கி அரிப்பு வரைக்கும் ஆளுக்கொரு பாடம் சொல்வார்கள். ஆனால் அவள் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் நேரான விடை கிடைப்பதில்லை. "நோ எப்பிடி இருக்கும்?" என்று கேட்பாள். "போனால் தெரியும்" என்று ஒருத்தி சிரிப்பாள். "பெண்ணாய்ப் பிறந்தால் அனுபவிக்கத்தானே வேணும், அது ஏவாள் தேடித் தந்த சொத்து" என்று இன்னொருத்தி கதையை முடித்து வைப்பாள்.

இந்தப் பதில்களுக்குப் பின்னால் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. பிரசவ வேதனை கடவுள் விதித்த தண்டனை. அதைக் குறைக்க முயல்வது அவருடைய தீர்ப்பில் கைவைப்பதாகும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறவளே உத்தம தாய் என்பதே அது. சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவளை, "அவள் எங்கே நோப்பட்டாள்?" என்று ஏளனமாகப் பேசுவதும் இதே எண்ணத்தின் பிள்ளைதான். இது உண்மையிலேயே வேதம் கற்பிக்கும் உண்மையா, அல்லது வேதத்தின் பெயரால் நாம் பழக்கிக்கொண்ட கல்நெஞ்சமா என்பதை ஆராய்வது நமது கடமை.

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாளுக்குச் சொல்லப்பட்டதை எல்லாரும் மனப்பாடமாக அறிவர். அதற்கு அடுத்த வசனத்திலேயே ஆதாமுக்குச் சொல்லப்பட்டதை ஏனோ மறந்துவிடுகிறோம். நிலம் முள்ளையும் களையையும் முளைப்பிக்கும், நெற்றி வியர்வை சிந்தியே அவன் உண்பான் என்று அங்கே கூறப்படுகிறது. எபிரேய மூலத்தில் ஏவாளின் வேதனைக்கும் ஆதாமின் வருத்தத்துக்கும் ஒரே சொல்லே வழங்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இப்போது நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம். கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்களில் களை பிடுங்குவதை யாராவது பாவம் என்றார்களா? உழவு இயந்திரம் வந்தபோது கமக்காரனின் வியர்வை குறைகிறதே என்று எந்தச் சுவாமியாராவது பிரசங்கம் வைத்தாரா? துடுப்பு வலித்தும் பாய் விரித்தும் கடலுக்குப் போன எங்கள் மீனவர்கள் வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டியபோது, அந்த இயந்திரத்தையும் புதுப் படகையும் கோயில் வாசலில் மந்திரித்து ஆசீர்வதித்தோமே அன்றி, ஆதாமின் தண்டனையிலிருந்து தப்பப் பார்க்கிறாய் என்று எவரையும் கண்டிக்கவில்லை. ஆணின் சுமை குறைவதை முன்னேற்றம் என்கிறோம். பெண்ணின் சுமை குறைவதை மட்டும் தேவ சித்தத்துக்கு மாறு என்கிறோம். ஒரே அதிகாரத்தை இரண்டு அளவைகளால் அளப்பது நீதியாகுமா?

இந்தச் சர்ச்சை நமக்குப் புதியதல்ல. 1847ஆம் ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற வைத்தியர், பிரசவிக்கும் தாய்மாருக்கு முதலில் ஈதரையும் பின்னர் குளோரோபோமையும் கொடுத்து நோவைத் தணித்தார். வேதத்தைக் காட்டிச் சிலர் அவரை எதிர்த்தனர். அவரும் வேதத்தைக் கொண்டே பதில் எழுதினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வருவித்தாரே என்பது அவர் காட்டிய நியாயங்களில் ஒன்று. 1853இல் விக்டோரியா மகாராணியார் தமது எட்டாவது பிள்ளையைக் குளோரோபோமின் உதவியுடன் பெற்றெடுத்தார். அதன் பின் எதிர்ப்பின் வேகம் தணியலாயிற்று.

நமது திருச்சபை இதுபற்றி என்ன சொன்னது? 1956 ஜனவரி 8ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், வைத்தியர்கள் முன் ஆற்றிய உரையில் இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டார். பயத்தை நீக்கி, மூச்சையும் உடலையும் பழக்கி நோவைக் குறைக்கும் முறையொன்று அப்போது பரவி வந்தது. அது சோவியத் ரஷ்ய வைத்தியர்களிடமிருந்து வந்தது என்பதற்காக அதைத் தள்ளிவிடக்கூடாது என்று அவர் விளக்கினார். அம்முறையில் ஒழுக்கநெறிக்கு மாறானது எதுவுமில்லை என்றும், ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை பிரசவத்தை இலகுவாக்கும் வழிகளைத் தாய்மாருக்குத் தடை செய்யவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், மயக்க மருந்து பற்றி வைத்தியர்கள் கேட்டபோதும், நோவைத் தணிக்க மருந்தை நாடுவது கிறிஸ்தவனுக்கு ஆகாததல்ல என்றே மறுமொழி கூறினார்.

"அப்படியானால் துன்பத்தில் பலன் எதுவும் இல்லையா? ஒறுத்தல் என்பது வீணா?" என்று பக்தியுள்ள வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தன் துன்பத்தைப் பொறுமையோடு ஏற்று ஒப்புக்கொடுக்கும் தாய் அதனால் ஆன்ம நன்மை அடையலாம் என்பதையும் பாப்பரசர் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி தானாக ஏற்றுக்கொள்வது ஒன்று. பக்கத்தில் நிற்பவர் அவள்மேல் சுமத்துவது வேறொன்று. முன்னையது தியாகம், பின்னையது கொடுமை. தபசு காலத்தில் மடுவில் சிலுவைப்பாதை செய்கிறோம். அங்கே ஐந்தாம் ஸ்தலத்தில் சீமோன் சிலுவைக்குத் தோள் கொடுக்கிறான். ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கம்மாள் முகத்தைத் துடைக்கிறாள். "தாங்கிக்கொள், அது உமக்கு விதித்தது" என்று சொல்லி நின்றவர்களை நாம் எந்த ஸ்தலத்திலும் வணங்குவதில்லை. பிறருடைய வேதனைக்கு முன்னால் நமக்குரிய பாகம் சீமோனின் பாகமேயாகும்.

இனி, முதற் பேற்றில் நோவைப் பெருக்குவது எது? பயம். இங்கிலாந்தைச் சேர்ந்த கிரான்ட்லி டிக்-ரீட் என்ற வைத்தியர், பயம் உடலை இறுக்குகிறது, இறுகிய உடல் நோவைக் கூட்டுகிறது என்று 1930களிலேயே எழுதினார். என்ன நடக்கப் போகிறது என்பதை அறியாதவளுக்கே பயம் அதிகம். ஆகவே "போனால் தெரியும்" என்ற பதில் வெறும் பகிடியல்ல; அது அவளுடைய நோவைக் கூட்டும் பதில். நோ அலை அலையாக வரும், இடையில் ஓய்வு தரும், முதற் பிள்ளைக்குப் பல மணித்தியாலம் செல்லலாம், மூச்சை இப்படி விடலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுப்பது அனுபவப்பட்ட பெண்களின் கடமை.

இரண்டாவது, தனிமை. 1980இல் வெளியான ஓர் ஆய்வு குவாத்தமாலா நாட்டு வைத்தியசாலையொன்றில் முதற் பிள்ளை பெறவந்த தாய்மாரைக் கவனித்தது. அறிமுகமில்லாத ஒரு பெண் கூட இருந்து, கையைப் பிடித்து, ஆறுதல் சொன்னதனாலேயே, சிக்கலின்றிப் பிரசவித்தவர்களின் நோக்காலம் பாதிக்கும் குறைவாயிற்று. பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் துணை இருக்க வேண்டும், அவளை மரியாதையோடு நடத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வகுத்த வழிகாட்டலும் வற்புறுத்துகிறது. நமக்கு இது புதுப் பாடமா? தேவதாயார் மலைநாட்டுக்கு விரைந்து போய், முதுமையில் தலைப்பிள்ளையைச் சுமந்த எலிசபெத்தம்மாளோடு மூன்று மாதமளவில் தங்கினார். அவர் உபதேசம் செய்யப் போகவில்லை, கூட இருக்கப் போனார்.

ஆனால் இவையெல்லாவற்றிலும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வேதனையை வாய் திறவாமல் பொறுப்பதே புண்ணியம் என்று பழக்கப்பட்ட தாய், ஆபத்து வரும்போதும் வாய் திறப்பதில்லை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இலவச வைத்தியமும், கிராமம் கிராமமாகச் சென்ற மருத்துவ மாதரும், வைத்தியசாலைப் பிரசவமும் பரவியதனால், கோவிட் நோய்க்கு முந்திய ஆண்டுகளில் அத்தொகை 40க்கும் கீழே வந்தது. இது நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை. நமது மாவட்டத்துக்கோ அது இலகுவாகக் கிட்டவில்லை. 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக 2010இல்தான் புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளில் இடம்பெயர்ந்தும், கடல் கடந்தும், அகதி முகாம்களிலும் பிள்ளை பெற்ற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். பாலம் வந்த பின்னரும் துக்கம் நீங்கிவிடவில்லை. 2024இல் மன்னாரில் பிரசவத்தையொட்டி நிகழ்ந்த இளந்தாய்மாரின் மரணங்கள் மாவட்டத்தையே உலுக்கி, மக்களை வீதிக்குக் கொண்டுவந்தன. யார் குற்றவாளி என்று தீர்ப்பிடுவது இக்கட்டுரையின் வேலையல்ல. நம்முடைய வீடுகள் கற்க வேண்டியதை மட்டும் சொல்வோம்.

பிள்ளை பிறந்ததும் வீடு முழுவதும் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுகிறது. மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று பேச்சு. பெற்றவளைப் பார்ப்பார் இல்லை. ஆனால் தாயைக் கொல்லக்கூடிய இரத்தப்போக்கு பிரசவித்த அன்றைக்கு மட்டுமல்ல, வீடு வந்து சில வாரங்களுக்குப் பின்னும் வரக்கூடும். துணி சீக்கிரமாக நனைந்து போதல், குளிர்காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத தலையிடி, தலைச்சுற்று ஆகியவற்றில் எதை அவள் சொன்னாலும், "பிள்ளை பெத்த உடம்பு அப்பிடித்தான்" என்று அடக்காமல், இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும். அங்கேயும் அவளுக்காக வாய் திறந்து கேட்க ஒருவர் வேண்டும்.

அருளப்பர் சுவிசேஷத்தில் ஆண்டவர், பிள்ளை பெறும் பெண்ணின் துயரத்தையும் பிள்ளையைக் கண்டதும் அவள் அதை மறக்கும் மகிழ்ச்சியையும் தம் சீஷர்களுக்கு உவமையாகக் காட்டினார். அவளுடைய நோவை அவர் சிறிதாக்கவில்லை. தம் சொந்தப் பாடுகளின் நேரத்துக்கு ஒப்பாக உயர்த்தினார். மறப்பது அவளுடைய உரிமை. நாம் மறப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆகவே கணவன்மாரே, கிளினிக்குக்கு அவளைத் தனியே அனுப்பாதீர்கள். மாமிமாரே, தாய்மாரே, நீங்கள் பட்டதை மருமகளும் மகளும் படத்தான் வேண்டும் என்று எண்ணாதீர்கள். பங்குகளிலுள்ள மரியாயின் சேனையினரும் வின்சென்ட் டி போல் சபையினரும், நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீடுகளில் நள்ளிரவில் வாகனத்துக்கு வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தாய்மையின் விலை வேதனையல்ல, அன்பே. அதில் நமது பங்கையும் நாம் செலுத்த வேண்டும்.