தோழரைக் காணும் செலவு

முதுமை எய்தினோர் நாடு கடந்து செல்லுதற்குத் தல வழிபாடு ஒன்றே தக்க காரணமாம் என்றும், அயல்நாட்டில் வாழும் பழைய நண்பரைக் காணச் செல்லுதல் பாசத்தின்பாற்படும் என்றும் கூறுவார் உளர். இதனைச் சிறிது ஆராய்வாம்.

சுந்தரமூர்த்தி நாயனார் மலைநாட்டிற்கு இருமுறை எழுந்தருளினர். முதன்முறை சேரமான் பெருமாள் திருவாரூருக்கு வந்து உடனழைத்துச் சென்றனர். இரண்டாம்முறை அழைத்தார் ஒருவரும் இலர். ஆரூரில் இருந்தபோது தோழரை நினைந்தனர்; பெருமான் திருவடியை வணங்கித் தவிராத விருப்போடு புறப்பட்டனர். சேக்கிழார் வேறு காரணம் கூறிற்றிலர்.

இடைவழியில் திருப்புக்கொளியூர் அவிநாசியில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. எனினும் ஒன்று கருதற்பாலது. முதலையுண்ட மகனை நினைந்து அழுதுகொண்டிருந்த தாய் தந்தையர், நாயனார் வந்தமை கேட்டு, அத்துயரை மறந்து முகமலர்ந்து வந்து பணிந்தனர். அம்மலர்ச்சி கண்டே நாயனார் திருவுள்ளம் உருகிற்று. மகன் மீண்டது பின்னர். துயர் மறந்தது அடியார் வந்த அப்பொழுதே.

இனி, நட்பு பாசமாமோ எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஆதலின் யாரொடு நட்பு என்பதே வினா. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அன்பரொடு கூடுதலை ஆலய வழிபாட்டிற்கு முன்னரே வைத்தது. அதுவும் ஞானம் முதிர்ந்தார்க்கு விதித்தது. அவர்க்கே இணக்கம் வேண்டுமாயின் நம்மனோர்க்குச் சொல்லவேண்டுமோ? கடல் கடத்தல் ஆசாரத்திற்கு இழுக்கு என்பார், ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து பலகாலும் கடல் கடந்து வந்ததனையும், 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை கண்டதனையும் நினைப்பாராக.

சென்ற ஆண்டு யான் சிங்கப்பூரில் வாழும் இளமைத் தோழரைக் காணச் சென்றேன். இருவேமும் ஓராசிரியர்பால் மெய்கண்ட சாத்திரம் பாடங் கேட்டவர்கள். ஆண்டு வழிபாட்டிற்குக் குறைவில்லை. நகரத்தார் 1859-இல் நிறுவிய தண்டாயுதபாணி கோயில் உளது. ஆயின் சூத்திரத்தில் ஐயம் எழுந்தால் அவர் வினவுதற்கு வீட்டில் ஒருவரும் இலர். பேரப்பிள்ளைகட்குத் தமிழெழுத்தே அரிது. ஆறு நாளும் மாபாடியத்தை விரித்து வைத்து இருந்தோம். ஊரைக் காட்டுவதாக அவர் மகனார் நாடோறும் அழைத்தார், எழுந்திலேம்.

கைப்பேசியிலேயே முகமும் காணலாகுமே, இத்துணைப் பொருட்செலவு எற்றுக்கு என மாணவர் ஒருவர் வினவினர். சேரமான் பெருமாள் நாடோறும் பூசை முடிவிற் கூத்தப்பெருமான் சிலம்பொலியைத் தம் அரண்மனையிலிருந்தே கேட்டவர். ஒருநாள் அவ்வொலி தாழ்த்தது வன்றொண்டர் பாடலைப் பெருமான் கேட்டிருந்தமையால் என்று அறிந்தவுடன், அரசினை அமைச்சர்பால் வைத்துத் தில்லைக்கும் ஆரூருக்கும் புறப்பட்டனரன்றோ? இருந்த இடத்திருந்தே பெறும் பேறு அவர்க்குப் போதியதாயிற்றில்லை.

வன்றொண்டரும் அத்தகையரே. திருவஞ்சைக்களத்தில் வெள்ளானைமேல் எழுந்தபோதும் தோழரை மனத்திற்கொண்டே சென்றனர். குதிரைமேற் பின்தொடர்ந்த சேரமான் கயிலை வாயிலில் தடையுண்டு நின்றனர். உள்ளே புகுந்த நாயனார் பெருமானைப் பணிந்து, தம் தோழர் வாயிலில் நிற்றலை விண்ணப்பஞ் செய்தனர். சேரமானைக் கொணர்கவென்று நந்திதேவர்க்கு ஆணை பிறந்தது.