தன்னுடையது என்று ஒன்று

நம் வீடுகளில் விருந்தாளிப் பிள்ளை அழுதால், வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள விளையாட்டுச் சாமான்தான் முதலில் பறிபோகும். "குடு மகள், தம்பி பாவம்" என்பார் உம்மா. சொல்லும்போதே பிஞ்சு விரல்களைப் பிரித்து எடுத்தும் விடுவார். வந்தவர்கள் "நல்ல பிள்ளை" என மெச்சுவார்கள். அங்கே கொடுத்தவர் யார் என்பதே என் கேள்வி. பொருள் பிள்ளையுடையது, தீர்மானம் உம்மாவுடையது. பிள்ளை கற்றுக்கொள்வது ஈகையை அல்ல, பெரியவர்களின் கைக்குப் பலம் அதிகம் என்பதைத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் வாசலுக்கு வரும் மிஸ்கீனுக்குக் கொடுக்கச் சொல்லி, பிள்ளையின் கையில் நாணயத்தை வைக்கிறோம். நல்ல பழக்கம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது நம்முடைய ஸதகா. பிள்ளை அதைச் சுமந்து போகிறது, அவ்வளவே.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்களான செர்னியாக், குஷ்னிர் இருவரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3, 4 வயதுப் பிள்ளைகளிடம் ஸ்டிக்கர் இருந்தது. சோகமாயிருந்த நாய்ப் பொம்மைக்கு அதைக் கொடுப்பதா, தாமே வைத்துக்கொள்வதா என்று தெரிவு செய்யும் வாய்ப்பு சிலருக்குத் தரப்பட்டது. வேறு சிலரிடம் கொடுத்தே ஆகவேண்டும் எனப்பட்டது. பிறகு இன்னொரு பொம்மை வந்தபோது, தெரிவு செய்ய விடப்பட்டவர்களே கூடுதலாகப் பகிர்ந்தார்கள்.

நமக்கு இது புதினமாயிருக்கத் தேவையில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் ஒன்றுண்டு. நபி (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். முறைப்படி அடுத்த பங்கு வலப்பக்கத்தவருக்கே. முதியவர்களுக்குக் கொடுக்கட்டுமா என்று நபியவர்கள் அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றார் அவர். பாத்திரம் அவர் கையிலேயே வைக்கப்பட்டது. வலப்பக்க ஒழுங்குக்கு உதாரணமாகவே இதை பயான்களில் கேட்டு வந்திருக்கிறேன். எனக்கோ அந்த அனுமதி கேட்டல்தான் பெரிதாகப் படுகிறது. மறுத்த பிள்ளையை யாரும் கஞ்சன் என்று சொல்லவில்லை.

அப்படியானால் கொடுக்காத பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம், காத்திருக்கலாம். நாம் நம்முடையதிலிருந்து எடுத்துக் கொடுப்பதை அது பார்த்துக்கொண்டும் இருக்கட்டும். கலியாண வீட்டில் ஆறு பேர் சூழ்ந்திருக்கும் சஹனில், தன் பக்கத்துச் சோற்றைத்தான் உண்ணவேண்டும் என்பதைப் பிள்ளை முதலில் பழகுகிறது. நடுவிலிருக்கும் இறைச்சியைப் பெரியவர் ஒருவர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் வைக்கிறார். தனக்கு வந்த துண்டைப் பிள்ளை பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிடும் நாளும் வரலாம். எந்தக் கலியாணத்தில் என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.