வினையும் துணையும்

"பிறவிக் குறைபாடு பழவினைப் பயனாயின், அதனுட் பிறர் புகுந்து உதவுதல் எற்றுக்கு? நுகர்ந்து கழிய வேண்டியதனை நுகரவொட்டாது தடுத்தலாகாதோ?" இவ்வினா சைவநூல் பயின்றார் சிலர் வாயிலும் வருகின்றது. சென்ற மார்கழித் திருவாதிரையன்று காவிரியின் தென்கரைச் சிற்றூர்த் திருக்கோயில் ஒன்றில் யாம் கண்டது இது. தவிலும் நாகசுரமும் மணியோசையும் ஒருங்கெழவே, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் செவிகளைப் பொத்திக்கொண்டு அலறினான். தாய் அவனை அணைத்தபடி வெளியேறினாள். அருகு நின்ற பெரியவர், "எப்பிறவியிற் செய்த பாவமோ, பெற்றவள் சுமக்கின்றாள்" என்றார். அவர் சிவஞான சித்தியார் பாடங்கேட்டவர். அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

அச்சிறுவன் நிலையை மருத்துவர் ஆட்டிசம் என்பர். 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்பார் பதினொரு குழந்தைகளைக் கண்டு இதனை விரித்தெழுதினார். மறு ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் எழுதினார். மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமையும் வேறுபாடு இது. இவருட் சிலர் பேசார். சிலர் பட்டம் பெறுமளவும் கற்பர். ஓசையும் ஒளியும் தீண்டலும் பலரைப் பன்மடங்காகத் தாக்கும். அன்றாட முறை திடீரென மாறிற் கலங்குவர். பிறர் முகக்குறிப்பால் உணர்வதனை இவர்க்கு வெளிப்படச் சொல்லல் வேண்டும். தாயின் அன்பின்மையே காரணமென மேல்நாட்டு அறிஞர் சிலர் பல்லாண்டு கூறிவந்தனர். இத்தகைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு என்பார் 1964 இல் ஒரு நூலெழுதி அதனை மறுத்தார். அவர்கள் உளநூலின் பெயராற் செய்த பிழையை நாம் வினையின் பெயராற் செய்கின்றோம். இருவழியும் சுமை தாயின் தலைமேலேயே விழுகின்றது.

வினையுண்மையை யாம் மறுப்பேம் அல்லேம். ஆயினும், இன்ன உயிர்க்கு இன்ன வினையென்னும் கணக்கை அறிவான் இறைவன் ஒருவனே. அதனை அண்டை வீட்டார் படிக்கப் புகுதல் சித்தாந்தம் அன்று. உதவி வருதலும் அவ்வுயிரின் ஊழுள் அடங்கியதன்று என்று எவர் அறிவார்? நாம் அனைவேமும் மும்மலமுடைய சகலரே. நாவன்மையுடையார்க்கு ஆணவம் குறைந்ததென்று எந்நூலும் கூறவில்லை. மேடைகளைக் கண்டால் மிகுந்ததென்றே எண்ணத் தோன்றும். அன்றியும், உயிர் தானே அறிவதன்று, அறிவிக்க அறிவது என்பது நம் சமயத்தின் அடிப்படை. கண் குருடன்றாயினும் ஞாயிற்றொளி உடன்நில்லாக்காற் காணமாட்டாது. அங்ஙனமாக, துணை வேண்டுதல் ஒருசாரார்க்கே உரிய இழிவென்பது யாங்ஙனம் பொருந்தும்? நமக்கு வேண்டுந் துணை உலகில் முன்னரே அமைந்திருத்தலின் கண்ணுக்குப் படவில்லை. அவர்க்கு வேண்டுவது அமைக்கப்படாமையிற் படுகின்றது. வேறுபாடு அத்துணையே.

இதற்குச் சான்று சோழநாட்டிலேயே உளது. திருவாரூரிற் கமலாலயத்தைக் கண்டிராத அன்பர் இரார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது ஊர்வழக்கு. அக்குளம் ஒருகாலத்துத் தூர்ந்து குறுகியபோது அதனைத் தோண்டப் புகுந்தவர் பிறவிக் குருடராகிய தண்டியடிகள் நாயனார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணை வெட்டி எடுத்து, தடவியே மீண்டு கரையிற் கொட்டினார் என்று பெரியபுராணம் கூறும். அதனைப் பொறாதார் அவர் மண்வெட்டியையும் கூடையையும் பறித்தனர்; தறிகளையும் பிடுங்கினர். பின்னர் அவர் கண்பெற்ற அற்புதத்தையே நாம் எடுத்துப் பேசுகின்றோம். ஆட்டிசமோ போக்கவேண்டிய நோயன்று. ஆதலின் அவ்வற்புதத்தை ஈண்டு ஒப்பிடல் வேண்டா. கயிற்றை நோக்குக. கண் வருமுன்னரே திருப்பணி நடந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கும் இறைவன் முதலில் திருவெண்பாக்கத்தில் அளித்தது ஊன்றுகோலே. கண்கள் பின்னரே காஞ்சியிலும் ஆரூரிலும் வந்தன.

பள்ளியில் அக்கயிறு யாது? அன்றைய பாடவரிசையைப் படங்களாக்கிச் சுவரில் ஒட்டுதல், மாறுதலை முன்னரே அறிவித்தல், ஓசை மிகுங்கால் ஒதுங்க ஓரிடம், வாயாற் சொல்லமாட்டாதானைப் படங்காட்டி விடைகூற விடுதல் என்பன. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமை வேண்டும், அஃதே அரிதாயிருக்கின்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. குறைபாடு நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் உடைய பிள்ளைகட்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை கட்டணமில்லாக் கல்வி உரியது. தேர்விற் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவார் உதவியும் அச்சட்டம் கூறுவனவே. அரசுப்பணியில் நூற்றுக்கு நான்கிடம் ஒதுக்கியது. அந்நான்கனுள் ஒன்றே ஆட்டிசமுடையார், அறிவுத்திறன் குறைந்தார், கற்றற் குறைபாடுடையார், மனநோயுற்றார், பல குறைபாடு ஒருங்குடையார் ஆகிய அனைவர்க்கும் பொது. ஆகலின் பெரும்பாலோர்க்கு வேலை நம்மனோரிடத்திருந்தே வரல் வேண்டும். விதைநெல்லிற் கலந்த வேற்றுநெல்லைப் பொறுக்குதல், மூட்டைகளை எண்ணி ஏட்டிற் பதிதல், நந்தவனத்துக்கு நீர்பாய்ச்சுதல் என, முறை பிறழாது செய்வாரை வேண்டும் தொழில்கள் இந்நெல்நாட்டிற் பல. எல்லார்க்கும் ஒன்று பொருந்தாது; கணக்கிலோ கணினியிலோ சிறப்பாரும் உளர். ஆளை அறிந்து வேலை தருக. கூலியும் முழுதாகத் தருக. இரங்கிப் பாதி தருதல் தறி பிடுங்குதலோடு ஒக்கும்.

பெற்றோரை உறங்கவொட்டாத கவலை ஒன்றுண்டு: "எமக்குப்பின் இவனை யார் காப்பார்?" 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு வேண்டுழிக் காப்பாளரை மாவட்டக் குழு நியமிக்கலாம். காப்பாளராக முன்வர உறவினர் வேண்டுமே. அடியார்க்குச் சோறிடுதலை மாகேசுர பூசையென்று போற்றும் நாம், ஒரு திங்களில் ஒருநாளேனும் அப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அத்தாயை உறங்கவிடுதலையும் அதனோடு எண்ணலாகாதோ?

அச்சிறுவனை இப்பொழுது அவன் தந்தை அர்த்தசாமத்துக்கு அழைத்து வருகின்றார். கூட்டம் இராது, ஓதுவார் தனியே பாடுவார். மணி அடிக்குமுன் குருக்கள் அவன்புறம் திரும்பிக் கையை உயர்த்துவார். அவன் செவிகளைப் பொத்திக்கொண்டு, திருச்சுற்று விளக்குகளை எண்ணியவாறு நிற்பான்.