தண்ணீர் குடிக்கவிட்ட கோச்



அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே காலேஜ்வில் என்று ஓர் இடம். பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம், அதன் மைதானத்தில் நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தலைக்கவசம் மாட்டிய வாட்டசாட்டமான இளைஞர்கள் நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவார்கள், தண்டால் எடுப்பார்கள் என்று பார்த்தால், புல்தரையில் மல்லாந்து படுக்கிறார்கள். வானத்தைப் பார்க்கிறார்கள். 'இன்றைக்கு எவ்வளவு நல்ல நாள், இல்லையா?' என்று பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறார்கள். அங்கே அதுவும் ஒரு பயிற்சி.

அதை வைத்தவர் ஜான் கலார்டி. கல்லூரி ஃபுட்பால் கோச்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்தை அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிரணி பாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கும். மோதல்தான் ஆட்டமே. ஆகவே பயிற்சியிலும் தினமும் மோத வேண்டும், அப்போதுதான் உடம்பு இரும்பாகும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது.

கலார்டி 1926இல் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். 1943இல் அவர் படித்த பள்ளியின் கோச்சை ராணுவத்துக்கு அழைத்துவிட்டார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இனி அணியே வேண்டாம், கலைத்துவிடலாம் என்று பள்ளி யோசித்தது. அப்போது 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்னால் வந்தவன் அந்த அணியின் கேப்டன், பதினாறு வயது ஜான். கூடப் படிக்கும் பையன்களுக்கே கோச் ஆனான்.

பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடித்தால் உடம்புக்கு ஆகாது, ஆளும் சொகுசாகிவிடுவான் என்று அந்தக் காலத்துக் கோச்சுகள் உறுதியாக இருந்தார்கள். வெயிலில் நாக்கு வறண்டு நின்ற பையன்களில் ஜானும் ஒருவன். பொறுப்பு தன் கைக்கு வந்ததும் தாகமெடுத்தால் குடியுங்கள் என்று சொல்லிவிட்டான். ஆளை வாட்டும் தேகப்பயிற்சிகளையும் நிறுத்தினான்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இந்த இடம்தான். கஷ்டப்பட்டு மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் என்ன சொல்கிறார்கள்? 'நாங்கள் படாத பாடா? நீயும் பட்டால்தான் உருப்படுவாய்.' விடுதியில் மூத்த மாணவர் சொல்கிறார், அலுவலகத்தில் மேலதிகாரி சொல்கிறார், வீட்டில் நாமே சொல்லியிருக்கிறோம். தான் பட்ட தாகம் இன்னொருவனுக்கு வேண்டாம் என்று பதினாறு வயதில் ஒரு பையனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை அவர் எண்பத்தாறு வயது வரை விடவில்லை.

1949இல் மான்டானாவில் கேரல் கல்லூரிக்குக் கோச்சாகப் போனார். 1953இல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்தார். 2012இல் ஓய்வு பெறும்வரை அறுபது பருவங்கள் அங்கேயே இருந்தார். பயிற்சியில் விசில் கிடையாது, கத்தல் கிடையாது. தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் மைதானத்தில் நிறுத்திவைப்பதும் கிடையாது. ஆட வந்த பையனைத் தகுதி போதாது என்று கழித்துவிட மாட்டார். தன்னைக் 'கோச்' என்று கூப்பிட வேண்டாம், 'ஜான்' என்றே கூப்பிடுங்கள் என்பார். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது நமக்கு நெருடும். அமெரிக்க மைதானங்களிலும் அது வழக்கமில்லை.

எல்லாவற்றையும்விட, பயிற்சியில் யாரும் யாரையும் தரையில் சாய்க்கக் கூடாது. சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணியைச் சாய்த்துக்கொள்ளலாம். வார நாட்களில் சொந்த அணிக்காரனின் முட்டியை எதற்கு உடைக்க வேண்டும்? இப்படி மிச்சமான நேரத்தையும் தெம்பையும் ஆட்ட உத்திகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதில் போட்டார். யார் எங்கே ஓட வேண்டும், எதிரி அசைந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது ஒவ்வொருவனுக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்கும்.

இப்படிச் செல்லம் கொடுத்தால் அணி ஜெயிக்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 1963, 1965, 1976 என்று மூன்று முறை தேசியப் பட்டம் வந்தது. 2003 நவம்பரில் தன் 409ஆவது வெற்றியைப் பெற்று, லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரி கோச் எடி ராபின்சனின் 408 வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பட்டத்துக்கான இறுதிப் போட்டி. எதிரே நின்ற மவுன்ட் யூனியன் தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. செயின்ட் ஜான்ஸ் 24-6 என்று வென்றது. விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்காத பிரிவில் ஆடும் அணி அது. கலார்டிக்கு அப்போது வயது 77. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 489 வெற்றிகள், 138 தோல்விகள், 11 சமநிலைகள். கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தக் கோச்சும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

தலையில் படும் அடி மூளையை எப்படிச் சிதைக்கிறது என்பது பின்னாளில்தான் பரவலாகத் தெரியவந்தது. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள், போட்டிப் பருவத்தில் பயிற்சியின்போது ஆளைச் சாய்ப்பதை 2016இல் நிறுத்தின. கலார்டி அதையும் பார்த்துவிட்டுத்தான் 2018 அக்டோபரில், 91ஆம் வயதில் கண்மூடினார்.

இந்நேரம் உங்கள் பிள்ளை எங்கோ ஒரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். கூட்டிவரப் போகும்போது, தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விடவில்லை என்றால், பயிற்சி கொடுப்பவரிடம் இந்த 489 வெற்றிகளின் கதையைச் சொல்லுங்கள்.